இன்டெக்ரிட்டி என்ற ஆங்கிலச் சொல்லுக்கு என்னதான் பொருள்?

தென்னாப்பிரிக்காவில் சில ஆண்டுகளாக இந்தச் சொல் படாத பாடு படுகிறது. 2018இல் விசாரணையைத் தொடங்கி 2022இல் அறிக்கை தந்து முடித்த, அரசு மட்டத்து ஊழலை விசாரித்த ஸோண்டோ ஆணையத்தைப் பற்றிய பேச்சில் அது வந்தது. ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் கட்சி அந்தப் பெயரிலேயே ஒரு குழு வைத்திருக்கிறது. பள்ளிச் சுவரில் எழுதியிருக்கிறார்கள். டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்திலோ மெரிபேங்கிலோ கோயில் ஆண்டுக்கூட்டம் நடந்தால், தேர்தலுக்கு நிற்கும் ஒவ்வொருவரும் தனக்கு இன்டெக்ரிட்டி இருப்பதாகச் சொல்கிறார். தமிழில் சொல்ல வேண்டி வந்தால் ‘நேர்மை’ என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம்.

அது தவறில்லை, ஆனால் போதாது. இந்நாட்டின் 1996ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டத்தின் 12(2) பிரிவு ஒவ்வொருவருக்கும் உடல், மனம் ஆகிய இரண்டின் ‘இன்டெக்ரிட்டி’க்கும் உரிமை உண்டு என்கிறது. 200ஆம் பிரிவு நாட்டு எல்லையின் ‘இன்டெக்ரிட்டி’யைப் படை காக்க வேண்டும் என்கிறது. உடலின் நேர்மை, எல்லையின் நேர்மை என்று மொழிபெயர்த்துப் பாருங்கள், பொருளே வராது. (இதே சட்டத்தின் 6ஆம் பிரிவு, மதித்துப் பேண வேண்டிய மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. அதன் சொற்களைத் தமிழில் சரியாக விளங்கிக்கொள்வது நமக்கு உரிய வேலை.)

ஆக, எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஓர் அடிப்படைப் பொருள் இருக்க வேண்டும். அதைப் பிடித்துவிட்டால் மற்றவை தாமாகவே புரியும்.

தட்டிப் பார்த்து வாங்கும் பானை

பொங்கலுக்கு மண்பானை வாங்கும்போது அதைத் தூக்கிப் பிடித்து விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பது வழக்கம். கணீரென்று ஒலித்தால் பானை நல்லது. ஒலி மங்கலாக, உடைந்து வந்தால் எங்கோ விரிசல் இருக்கிறது. வெளியே பார்த்தால் இரண்டு பானையும் ஒன்றுபோலத்தான் இருக்கும். விரிசல் விட்ட பானையும் சும்மா வைத்திருக்கும் வரை நிற்கும். பூ வரையலாம், மஞ்சள் கட்டலாம். அடுப்பில் ஏற்றி, நீரும் பாலும் ஊற்றி, தீ மூட்டிய பிறகுதான் அது வாய் பிளக்கும்.

நல்ல பானையிடம் இருப்பது மூன்று. முழுதாக இருக்கிறது, உள்ளும் புறமும் ஒன்றாக இருக்கிறது, சூடும் சுமையும் ஏறினாலும் அப்படியே இருக்கிறது. இன்டெக்ரிட்டி என்ற சொல்லின் முழுப் பொருளும் இந்த மூன்றுதான். பானையை இத்தோடு விட்டுவிட்டுச் சொல்லின் வேருக்குப் போவோம்.

லத்தீன் வேர்

லத்தீனில் ‘டாங்கெரே’ என்றால் தொடுதல். ‘இன்’ என்பது எதிர்மறை முன்னொட்டு. இரண்டும் சேர்ந்து பிறந்த சொல் ‘இன்டெகர்’: தொடப்படாத, அதாவது எதுவும் குறையாத, சேதமடையாத, முழுமையான. அதிலிருந்து வந்த பண்புப்பெயர் ‘இன்டெக்ரிடாஸ்’. அது பிரெஞ்சு வழியாகவும் நேராக லத்தீனிலிருந்தும் 15ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்குள் வந்தது. ஆப்பிரிக்கான்ஸ் மொழியிலும் டச்சு வழியாக அதே சொல்தான் இருக்கிறது.

ரோமானியர்கள் இதைத் தொடக்கத்தில் ஒழுக்கத்துக்கு மட்டும் ஒதுக்கி வைக்கவில்லை. ஜூலியஸ் சீசரின் போர்க்குறிப்புகளில், களைத்த வீரர்களை மாற்றிவிட்டு இறங்கும் புதிய வீரர்கள் ‘இன்டெக்ரி’. காயமோ களைப்போ இன்னும் தொடாதவர்கள் என்பது பொருள். கி.மு. முதல் நூற்றாண்டிலேயே கவிஞர் ஹொரேஸ் தம் பாடல் ஒன்றை, வாழ்வில் ‘இன்டெகர்’ ஆனவன், குற்றத்திலிருந்து தூயவன் என்று தொடங்குகிறார். பொருளுக்குச் சொன்ன சொல் மனிதனின் நடத்தைக்கு ஏறியது அப்படித்தான்.

அதே வேரில் பிறந்த உறவுச்சொற்கள் பள்ளிக்கூடத்திலும் மருத்துவமனையிலும் நம்மைச் சுற்றியே இருக்கின்றன. கணக்கில் ‘இன்டீஜர்’ என்றால் முழு எண், பின்னமாக உடையாத எண். ‘இன்டாக்ட்’ என்றால் சிதையாமல் அப்படியே இருப்பது. ‘டான்ஜென்ட்’ வட்டத்தைத் தொட்டுச் செல்லும் கோடு. தொற்றைக் குறிக்கும் ‘கான்டேஜியன்’, மாசுபடுதலைக் குறிக்கும் ‘கன்டாமினேஷன்’ ஆகியவையும் தொடுதலிலிருந்து வந்தவைதாம்; தொட்டதால் கெட்டவை. இன்டெக்ரிட்டி அவற்றின் நேர் எதிர்ப்பக்கம்.

நீதிமன்றத்தில் இன்னும் உயிரோடு

தென்னாப்பிரிக்காவின் பொதுச்சட்டம் ரோமன்-டச்சு மரபிலிருந்து வந்தது. அதனால் இந்த வேர்ச்சொல் இங்கே இன்றும் லத்தீன் வடிவிலேயே புழங்குகிறது: ‘ரெஸ்டிடூட்டியோ இன் இன்டெக்ரம்’. பழைய முழு நிலைக்குத் திருப்பிக் கொண்டுபோதல் என்று அதற்குப் பொருள்.

ஒருவர் 90,000 ரேண்ட் கொடுத்துப் பழைய கார் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஓடிய தூரத்தைப் பற்றி விற்றவர் வேண்டுமென்றே பொய் சொன்னது பிறகு தெரிகிறது. பொய்யை நம்பிச் செய்த ஒப்பந்தத்தை வாங்கியவர் கைவிடலாம். ஆனால் கைவிட்டால் இருபக்கமும் திரும்ப வேண்டும். பணம் இவரிடம் வர வேண்டும், கார் அவரிடம் போக வேண்டும். காரையும் வைத்துக்கொண்டு முழுப் பணத்தையும் கேட்க முடியாது. ‘இன்டெக்ரம்’ என்பது இங்கே யாருடைய நல்ல குணத்தையும் பற்றிப் பேசவில்லை. உடைவதற்கு முன் இருந்த நிலையைப் பற்றி மட்டுமே பேசுகிறது.

இதுவரை பார்த்தது: சொல்லின் அடிப்படைப் பொருள் முழுமை, சிதையாமை. நேர்மை என்பது அதிலிருந்து கிளைத்த ஒரு பொருள்.

உடல், எல்லை, தரவு, கட்டடம்

இனி அரசமைப்புச் சட்டத்தின் சொற்றொடர்கள் எளிதாகத் திறக்கும். உடலின் இன்டெக்ரிட்டி என்றால், என் சம்மதம் இல்லாமல் என் உடலில் யாரும் கை வைக்க முடியாது என்பது. பிள்ளை பெறுவது பற்றிய முடிவு, உடல் மீதான கட்டுப்பாடு, விவரம் சொல்லிச் சம்மதம் பெறாமல் மருத்துவ, அறிவியல் சோதனைக்கு உட்படுத்தாமை ஆகிய மூன்றையும் 12(2) பிரிவு தனித்தனியே எழுதியிருக்கிறது. ‘தொடப்படாத’ என்ற பழைய வேர் இங்கே கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது. எல்லையின் இன்டெக்ரிட்டி என்றால் நாட்டின் நிலம் துண்டாகாமல் இருப்பது.

தரவின் இன்டெக்ரிட்டி என்பது, பதிந்து வைத்த விவரம் உரிமையில்லாதவர் கையாலோ பிழையாலோ மாறாமல் இருப்பது. தனிநபர் தகவல் பாதுகாப்புக்கான 2013ஆம் ஆண்டுச் சட்டம் (போப்பியா) தன் 19ஆம் பிரிவில் இதையும் இரகசியத்தையும் தனித்தனியே பெயர் சொல்லிக் காக்கச் சொல்கிறது. ஒரு மருத்துவமனைக் கோப்பை யாரும் திருட்டுத்தனமாகப் படிக்காமல் இருக்கலாம். அப்படியும் இரத்த வகை தவறாக மாறிப் பதிவானால் அந்தக் கோப்பின் இன்டெக்ரிட்டி போய்விட்டது.

கட்டடத்துக்கு வந்தால் விஷயம் கனமாகிறது. பொறியாளர்கள் சொல்லும் கட்டமைப்பு இன்டெக்ரிட்டி என்பது, ஒரு கட்டடம் எந்தச் சுமைக்கு வடிவமைக்கப்பட்டதோ அதைத் தாங்கி உடையாமல் நிற்பது. மேல்தளத்தின் எடை விட்டத்துக்கும், விட்டத்திலிருந்து தூணுக்கும், தூணிலிருந்து அடித்தளத்துக்கும் இறங்குகிறது. வழியில் ஒரே ஒரு விட்டத்தில் கம்பி குறைந்தால் போதும், மீதியெல்லாம் நன்றாக இருந்தும் பயனில்லை. டர்பனுக்கு வடக்கே, தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் டோங்காட்டில் 2013 நவம்பர் 19 அன்று கட்டிக்கொண்டிருந்த வணிக வளாகம் இடிந்து விழுந்தது. இருவர் இறந்தார்கள், 29 பேர் காயமடைந்தார்கள். வேலையை நிறுத்தச் சொல்லி நகராட்சி அதற்கு முன்பே நீதிமன்ற ஆணை வாங்கியிருந்தது. வேலை நிற்கவில்லை. ஆணையை மதிக்காத மனிதர்களிடம் இருந்த குறையும் கான்கிரீட்டுக்குள் இருந்த குறையும் அங்கே ஒன்றாகவே இடிந்தன. இந்தச் சொல் ஏன் இரண்டுக்கும் பொதுவாக இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

மனிதருக்கு வரும்போது

ஒரு மனிதரின் சுமையும் அதேபோல ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இறங்குகிறது. அவர் சரி என்று கருதுவது, வாயால் சொல்வது, கையால் செய்வது. இந்த மூன்றும் பொருந்தி இருப்பதும், பொருந்தியிருப்பதால் இழப்பு வரும்போதும் அப்படியே இருப்பதும்தான் மனிதரின் இன்டெக்ரிட்டி.

நேர்மை என்று பொதுவாகச் சொல்லும்போது பொய் சொல்லாமையையும் திருடாமையையும்தான் நினைக்கிறோம். அது இந்தப் பொருத்தத்தின் ஒரு பகுதியை மட்டும் சோதிக்கிறது. பிடிவாதத்தையும் சிலர் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். ‘நான் சொன்னால் சொன்னதுதான்’ என்பவர் தன் முதல் கருத்தைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. புதிய உண்மை தெரிந்தபின் வெளிப்படையாக மனம் மாற்றிக்கொள்பவரின் இன்டெக்ரிட்டி குலைவதில்லை. வெள்ளைச் சட்டை, கோயில் மரியாதை, நல்ல பெயர் எதுவும் இதற்குச் சான்றாகாது. அவை மற்றவர் தருபவை.

பொய் சொல்லாத பொருளாளர்

ஒரு கோயில் குழுவை எடுத்துக்கொள்வோம். காவடித் திருவிழாவுக்குப் பந்தலும் சாப்பாடும் 80,000 ரேண்ட் செலவு. ஒப்பந்தம் தலைவரின் மைத்துனருக்குப் போகிறது. பொருளாளருக்கு உறவு தெரியும். அவர் ஒரு காசு தொடவில்லை. யாரும் கேட்காததால் பொய்யும் சொல்லவில்லை. கணக்கு ஒவ்வொரு ரேண்டுக்கும் சரியாக இருக்கிறது. அவர் நேர்மையானவரா என்று கேட்டால் ஊர் முழுக்க ஆமென்று சொல்லும். ஆனால் தவறு என்று மனத்தில் பட்டது வாய்க்கு வரவில்லை. கருத்துக்கும் சொல்லுக்கும் நடுவிலேயே விரிசல்.

இங்கே இருப்பது நலன் முரண். பொறுப்பில் இருப்பவரின் சொந்த ஆதாயமும் அவர் காக்க வேண்டிய பொது ஆதாயமும் ஒரே முடிவில் மோதுவதை அப்படிச் சொல்வார்கள். நலன் முரண் இருப்பதே குற்றமில்லை. சின்ன ஊரில், ஒரே தெருவில் பெண் கொடுத்துப் பெண் எடுத்த சமூகத்தில், உறவுக்காரர் விலைப்புள்ளி கொடுப்பது நடக்கத்தான் செய்யும். மறைப்பதுதான் கெடுக்கிறது. செய்ய வேண்டியது இதுதான். விலைப்புள்ளி உறைகளைப் பிரிப்பதற்கு முன்பே, உறவுள்ள குழு உறுப்பினர் அந்த உறவை எழுத்தில் சொல்லிவிட வேண்டும். பிரித்த பிறகு சொன்னால், விலையைப் பார்த்துவிட்டுச் சொன்னதாகிவிடும். பேச்சும் வாக்கெடுப்பும் முடியும்வரை அறையை விட்டு வெளியே போக வேண்டும். வாக்களிக்காமல் உட்கார்ந்திருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது, முகத்துக்கு நேரே யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். யார், என்ன உறவு, எப்போது வெளியே போனார், எப்போது திரும்பினார் என்பதெல்லாம் கூட்டக் குறிப்பில் ஏற வேண்டும். பெரும்பாலும் தவறிப்போவது கடைசிப் படி: சாப்பாடு சரியாக வந்ததா என்று பார்த்துப் பணம் கொடுக்க ஒப்புதல் தருவதிலும் அந்த உறுப்பினர் இருக்கக் கூடாது.

உண்டியலிலும் இதே தர்க்கம்தான். ஒருவருக்கொருவர் உறவில்லாத மூன்று பேராவது சேர்ந்து எண்ண வேண்டும். எண்ணிய தாளில் நோட்டுவாரியாகத் தொகை எழுதி மூவரும் கையெழுத்திட வேண்டும். அந்தத் தொகை முழுவதும், ஒரு ரேண்ட்கூடக் குறையாமல், அடுத்த வேலைநாளில் வங்கியில் ஏற வேண்டும். கணக்கர்கள் இதை ‘இன்டாக்ட்’ஆகக் கட்டுவது என்றே சொல்வார்கள், பழைய லத்தீன் வேர் உண்டியலுக்குள்ளும் கிடக்கிறது. பூக்காரருக்கும் பால்காரருக்கும் உண்டியல் பணத்திலிருந்தே கொடுத்துவிட்டு மீதியைக் கட்டுவது வழக்கமாகிவிட்ட கோயில்களில், யாரும் திருடாமல் இருந்தும் சிக்கல் வருகிறது. எண்ணிய தொகையும் வங்கித் தொகையும் எந்த மாதமும் ஒத்துப்போகாது. ஒத்துப்போகாதது பழகிவிட்டால், உண்மையிலேயே பணம் போன மாதத்தையும் அடையாளம் காண முடியாது. சில்லறைச் செலவுக்குத் தனியாக ஒரு தொகையை வங்கியிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டால் போதும்.

வங்கியிலிருந்து பணம் கொடுக்க ஒப்புதல் தருபவரே வங்கிக் கணக்கை ஒப்பிட்டுச் சரிபார்க்கவும் கூடாது. பதிவுபெற்ற இலாப நோக்கமற்ற அமைப்பாக இருந்தால், 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி நிதியாண்டு முடிந்து 6 மாதத்துக்குள் கணக்கறிக்கை தயாராக வேண்டும். 9 மாதத்துக்குள் சமூக வளர்ச்சித் துறைக்கு ஆண்டறிக்கை போக வேண்டும். அந்தக் கடைசி வாரத்தில் கூட்டக் குறிப்புகளைத் தேடி எழுதி நிரப்பும் குழுக்களுக்குத்தான் மேலே சொன்ன எல்லாம் வலிக்கும்.

சுருக்கமாக, பொய் சொல்லாமை இன்டெக்ரிட்டியின் ஒரு பகுதி. சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்வதும் அதற்குள் அடக்கம்.

முழுமை மட்டும் போதுமா?

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். கருத்து, சொல், செயல் மூன்றும் பொருந்திய கொடியவனும் இருக்க முடியாதா? இன வெறியை நம்பி, அதையே பேசி, அதையே செய்து, அதற்காக இழப்பையும் தாங்கியவர்களை இந்த நாடு நிறையவே பார்த்திருக்கிறது.

தென்னாப்பிரிக்க அடையாள எண் இதை விளக்க உதவும். அதில் 13 இலக்கங்கள். முதல் 6 பிறந்த தேதி. கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். மற்ற 12 இலக்கங்களையும் ஒரு கணக்குப்படி கூட்டினால் கிடைப்பது. கணக்கு இதுதான்: சரிபார்ப்பு இலக்கத்துக்கு இடப்பக்கம் அடுத்திருப்பதில் தொடங்கி ஒன்று விட்டு ஒன்றை இரட்டிப்பாக்க வேண்டும், இரட்டித்தது ஈரிலக்கமானால் அவ்விரண்டையும் கூட்டிக்கொள்ள வேண்டும், எல்லாவற்றையும் சேர்த்த மொத்தம் 10ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். ஓர் இலக்கத்தை மாற்றி எழுதினால் உடனே பிடிபடும். அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் பெரும்பாலும் பிடிபடும். 0, 9 ஆகிய இரண்டும் இடம் மாறினால் மட்டும் தப்பிவிடும்.

ஆனால் இந்தக் கணக்கில் தேறிய எண் உண்மையான எண்தான் என்று சொல்லிவிட முடியாது. கணக்குத் தெரிந்த எவரும் இல்லாத ஒருவருக்குப் பொருத்தமான எண் ஒன்றை உருவாக்கலாம். எண் தனக்குள் முரண்படவில்லை என்பதை மட்டுமே சரிபார்ப்பு இலக்கம் சொல்கிறது. மனிதரிலும் அதேதான். உள்பொருத்தம் தேவை, அதோடு பொருத்தி வைத்த சரக்கும் நல்லதாக இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் தமிழ் ஏற்கெனவே வந்து நிற்கிறது. சால்பு என்ற சொல்லைப் பாருங்கள். ‘சால்’ என்றால் நிறைதல். சான்றோர், சான்றாண்மை எல்லாம் அதிலிருந்து வந்தவை. ‘இன்டெகர்’ குறையாமையிலிருந்து ஒழுக்கத்துக்கு ஏறியதைப்போல, சால்பு நிறைவிலிருந்து ஒழுக்கத்துக்கு ஏறியிருக்கிறது. இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று கேட்காமல் ஒரே இடத்துக்கு வந்திருக்கின்றன. அதோடு, திருக்குறள் 983 அந்த நிறைவு எதன்மேல் நிற்கிறது என்றும் சொல்லிவிடுகிறது: அன்பு, நாண், ஒப்புரவு, கண்ணோட்டம், வாய்மை என்ற 5 தூண்கள். வாய்மை அவற்றில் ஒன்று மட்டுமே என்பதைக் கவனியுங்கள். மற்ற நான்கும் பிறரை நோக்கியவை, அல்லது தவறு செய்யக் கூசுபவை. கொடியவனின் பொருத்தம் ஏன் சால்பு ஆகாது என்பதற்கு விடை அங்கேயே இருக்கிறது.

சட்டம் எங்கே நிற்கிறது

நிறுவன நிர்வாகத்துக்காக 2016இல் வெளியான நான்காம் கிங் அறிக்கை, தலைமைக்கு 6 பண்புகளைச் சொல்கிறது: இன்டெக்ரிட்டி, திறமை, பொறுப்பு, பதில் சொல்லும் கடமை, நியாயம், வெளிப்படை. ஒன்று மற்றதற்கு ஈடாகாது என்பதால்தான் ஆறாகப் பிரித்திருக்கிறார்கள். சட்டத்தின் எழுத்துக்கு மட்டும் கட்டுப்படுவதைத் தாண்டி நடப்பதையும் அந்த அறிக்கை முதல் பண்புக்குள் வைக்கிறது.

சட்டமும் சில இடங்களில் மௌனத்தைக் குற்றமாக்கியிருக்கிறது. ஊழல் தடுப்புக்கான 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி, 1,00,000 ரேண்டோ அதற்கு மேலோ சம்பந்தப்பட்ட ஊழல், திருட்டு, மோசடி போன்றவற்றை அதிகாரப் பொறுப்பில் இருப்பவர் அறிந்தாலோ, அறிந்திருக்க வேண்டிய இடத்தில் இருந்தாலோ, காவல்துறையிடம் சொல்லியாக வேண்டும். ‘நான் செய்யவில்லை’ என்பது அங்கே விடையாகாது. முறைகேட்டை உள்ளிருந்து சொல்லும் ஊழியரைப் பழிவாங்காமல் காக்க 2000ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வெளிப்படுத்தல் சட்டம் இருக்கிறது.

ஆனால் அந்தக் காப்பு வேலையிடத்துப் பழிவாங்கலுக்கு எதிரானது. வீட்டு வாசலில் அது நிற்பதில்லை. கௌடெங் மாகாணச் சுகாதாரத் துறையின் மூத்த நிதி அதிகாரி பபிதா தேவ்கரன், சந்தேகத்துக்குரிய கொடுப்பனவுகளைச் சுட்டிக்காட்டினார். கோவிட் காலக் கொள்முதல் பற்றிய விசாரணைக்குச் சாட்சியாகவும் இருந்தார். 2021 ஆகஸ்ட் 23 அன்று ஜோஹன்னஸ்பர்க்கில் தன் வீட்டருகே சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்ட கும்பலைச் சேர்ந்த ஆறு பேருக்கு 2023இல் தண்டனை கிடைத்தது. இந்நாட்டில் இன்டெக்ரிட்டி பற்றிப் பேசுபவர்கள் தனிமனிதரின் உறுதியைப் புகழ்வதோடு நிறுத்திக்கொள்ள முடியாது. அவர் மீது ஏறும் சுமையைப் பங்கிட்டுத் தாங்கும் அமைப்பு இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். ஒரே தூணின்மேல் எல்லாத் தளத்தையும் ஏற்றி வைத்துவிட்டுத் தூணைப் பாராட்டுவது பொறியாளர் வேலை ஆகாது.

தமிழில் எப்படி எழுதுவது

அறிவிப்பு, விதிமுறை, பள்ளிக் கையேடு எழுதுபவர்களுக்கு ஒரே தமிழ்ச்சொல்லைத் தர முடியாது. கட்டடத்துக்கு ‘கட்டமைப்பு உறுதி’ சரியாக இருக்கும். நாட்டு எல்லைக்கு ‘ஒருமைப்பாடு’ நெடுங்காலமாக வழக்கில் உள்ளது. தரவுக்கு ‘சிதையாமை’ அல்லது ‘மாறாமை’. உடலுக்கு ஒற்றைச் சொல் தேடாமல் ‘தன் உடல் மீதான உரிமை’ என்று விரித்து எழுதுவதே படிப்பவருக்கு விளங்கும். மனிதருக்குப் பேச்சுவழக்கில் நேர்மை, நாணயம் இரண்டும் போதும். ஆழமாகச் சொல்ல வேண்டிய இடத்தில் சால்பு என்ற சொல்லைத் தயங்காமல் எடுத்தாளலாம்.

விதிமுறையில் மட்டும் எந்தச் சொல்லோடும் நிறுத்திவிடாதீர்கள். ‘உறுப்பினர்கள் நேர்மையுடன் நடந்துகொள்ள வேண்டும்’ என்ற வரியை மீறினார் என்று யாரையும் நிறுவ முடியாது. அதற்குப் பதில், ‘தனக்கோ தன் குடும்பத்தாருக்கோ ஆதாயம் வரக்கூடிய பொருள் கூட்டத்தில் எடுக்கப்பட்டால், பேச்சு தொடங்கும் முன் உறுப்பினர் அதை எழுத்தில் தெரிவித்து, முடிவு எடுக்கும்வரை வெளியேற வேண்டும், செயலாளர் அதைக் குறிப்பில் பதிய வேண்டும்’ என்று எழுதுங்கள். அடுத்த ஆண்டுக்கூட்டத்தில் யாராவது கேட்டால், குறிப்புப் புத்தகத்தைத் திறந்து ஆம் அல்லது இல்லை என்று சொல்லிவிடலாம்.